கலப்பு கியர்பெட்டி

கலப்பு கியர்பெட்டி என்பது வெவ்வேறு வண்டிகளின் கியர்பெட்டிகளிலிருந்து எடுக்கப்பட்ட உறை, தண்டுகள், பற்சக்கரங்கள் முதலிய உறுப்புகளை ஒன்றுசேர்த்து, புதிய தேவைக்கு ஏற்ப அமைக்கப்படும் கியர்பெட்டி ஆகும். உறுப்புகள் எடுக்கப்படும் வண்டிகள் இக்கட்டுரையில் மூல வண்டிகள் எனக் குறிக்கப்படுகின்றன. பந்தயக் கார்கள், மாணவர் போட்டி வண்டிகள், உதிரிகள் கிடைக்காத பழைய கார்கள் ஆகியவற்றுக்காக இவை சிறு பட்டறைகளிலும் வீடுகளிலும் செய்யப்படுகின்றன.

பற்சக்கரங்களின் பற்கள் ஒன்றோடொன்று பொருந்துவது போலத் தோன்றினால் போதும் என்பது பரவலான தவறான எண்ணம். தண்டுகளுக்கு இடையிலான தொலைவு, சுழற்சித் திசை, கியர் பூட்டு அமைப்பு ஆகிய மூன்றும் ஒத்துவராத கியர்பெட்டி, ஓடும்போதே சக்கரங்களை இறுக்கிப் பூட்டிவிடக்கூடும். எனவே இது உதிரி சேர்க்கும் வேலை என்பதைவிட அளவெடுக்கும் வேலை என்பதே பொருந்தும்.

வகைகள்

கலப்பு கியர்பெட்டிகளை மூன்று வகையாகப் பிரிக்கலாம்.

* முழுப்பெட்டி மாற்றம்: ஒரு வண்டியின் கியர்பெட்டியை உள்ளே எதையும் மாற்றாமல், இடைத்தகடு ஒன்றின் துணையுடன் வேறு வண்டியின் எஞ்சினில் பொருத்துவது. மூன்றிலும் எளியது இதுவே.
* உள்ளுறுப்பு மாற்றம்: ஒரே குடும்பத்தைச் சேர்ந்த இரு கியர்பெட்டிகளுக்கு இடையே பற்சக்கர இணைகளையோ கிரவுன்-பினியனையோ மாற்றிக்கொள்வது.
* உறை மட்டும் பெறுதல்: மூல வண்டியின் உறையை வைத்துக்கொண்டு, உள்ளே புதிதாக வெட்டிய பற்சக்கரங்களை அமைப்பது. இதற்குப் பற்சக்கரம் வெட்டும் இயந்திரமும் வெப்பப் பதப்படுத்தும் வசதியும் தேவை.

வரலாறு

மூன்றாம் வகைக்குப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு இங்கிலாந்தின் ஹியூலண்ட் நிறுவனத்தின் தொடக்ககாலக் கியர்பெட்டிகள் ஆகும். மைக் ஹியூலண்ட் 1957 இல் தொடங்கிய இந்நிறுவனம், 1960 இல் ஃபார்முலா ஜூனியர் பந்தயக் கார்களுக்காக ஃபோக்ஸ்வாகன் பீட்டில் காரின் கியர்பெட்டியைச் சிறிது மாற்றி, தலைகீழாகப் பொருத்திப் பயன்படுத்தியது. 1962 இல் வெளிவந்த மார்க் 3 என்ற பெட்டியில் பீட்டிலின் மக்னீசியக் கலப்புலோக உறை மட்டும் தக்கவைக்கப்பட்டு, உள்ளே நேர்ப்பல் கொண்ட ஐந்து பற்சக்கர இணைகள் புதிதாக அமைக்கப்பட்டன.

தலைகீழாகப் பொருத்தியதற்குக் காரணம் உண்டு. பீட்டிலில் எஞ்சின் பின் அச்சுக்குப் பின்னால் இருக்கிறது. ஃபார்முலா ஜூனியர் காரில் எஞ்சின் பின் அச்சுக்கு முன்னால் வருகிறது. எனவே எஞ்சினையும் கியர்பெட்டியையும் சேர்த்து முன்பின்னாகத் திருப்ப வேண்டும். அவ்வாறு திருப்பினால் சக்கரங்கள் எதிர்த்திசையில் சுழலும். காருக்கு முன்னோக்கி ஒரு கியரும் பின்னோக்கி நான்கு கியர்களும் கிடைக்கும். பெட்டியைத் தலைகீழாக்கும்போது கிரவுன் சக்கரம் பினியனின் மறுபக்கத்துக்கு வந்துவிடுவதால் திசை மீண்டும் சரியாகிறது.

இந்தியாவில்

இந்திய உற்பத்தியாளர்களே ஒரு நிறுவனத்தின் உடலில் மற்றொரு நிறுவனத்தின் எஞ்சினையும் கியர்பெட்டியையும் இணைத்து விற்றுள்ளனர். 1985 இல் வெளிவந்த பிரீமியர் 118என்இ, ஃபியட் 124 வழிவந்த உடலையும் நிசான் ஏ12 எஞ்சினையும் நிசான் கியர்பெட்டியையும் கொண்டிருந்தது. இந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனம் கான்டெசாவிலும், 1990களின் தொடக்கத்தில் அம்பாசிடரிலும் இசுசு 1.8 லிட்டர் எஞ்சினை ஐந்து கியர் பெட்டியுடன் அளித்தது.

தமிழ்நாட்டில் இவ்வழியைப் பந்தயத்துறைக்குக் கொண்டுவந்தவர் கோயம்புத்தூரைச் சேர்ந்த எஸ். கரிவரதன் (1954–1995). இறக்குமதிப் பந்தயக் கார்களை வாங்க இயலாதோரும் போட்டியிட வேண்டும் என்ற நோக்கில், 1980களின் பிற்பகுதியில் மாருதி 800 காரின் உறுப்புகளைக் கொண்டு ஃபார்முலா மாருதி என்ற ஒற்றை இருக்கைப் பந்தயக் காரை உருவாக்கினார். தெருவில் ஓடும் காரின் 796 க.செ.மீ. எஞ்சின் குழாய்ச் சட்டகம் ஒன்றில் ஓட்டுநருக்குப் பின்னால் அமர்ந்தது. 1995 இல் விமான விபத்தொன்றில் கரிவரதன் இறந்தார். கோயம்புத்தூரை அடுத்த செட்டிபாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வே என்ற 2.1 கி.மீ. பந்தயத்தடம் அவர் பெயரைத் தாங்கியுள்ளது.

பொறியியல் கல்லூரி மாணவர்கள் பங்குபெறும் பாஹா எஸ்ஏஇ இந்தியா போட்டி 2007 இல் தொடங்கியது. இதில் பல அணிகள் பிரிக்ஸ் அண்டு ஸ்ட்ராட்டன் 305 க.செ.மீ. எஞ்சினுடன் மகிந்திரா ஆல்ஃபா மூன்று சக்கர வண்டியின் கியர்பெட்டியை இணைத்துள்ளன. நான்கு முன்கியர்கள், பின்கியர், டிஃபரன்ஷியல் ஆகியவை அப்பெட்டியின் ஒரே உறைக்குள் அடங்கியிருப்பதும், ஏறத்தாழ 10 குதிரைத்திறன் எஞ்சினுக்கு அது வலுவில் போதுமானதாக இருப்பதும் இதற்குக் காரணங்களாகும்.

வட இந்தியாவில் நீர் இறைக்கும் டீசல் எஞ்சினையும் பழைய வண்டிகளின் கியர்பெட்டி, அச்சு முதலியவற்றையும் சேர்த்துக் கட்டப்படும் ஜுகாட் என்ற வண்டியும் இவ்வகையைச் சேர்ந்ததே.

அடிப்படைக் கணக்கீடுகள்

மையத் தொலைவு

கியர்பெட்டியின் இரு இணைத்தண்டுகளின் நடுக்கோடுகளுக்கு இடையிலுள்ள தொலைவு மையத் தொலைவு எனப்படும். நேர்ப்பல் சக்கரங்களில் இரு சக்கரங்களின் பற்களின் கூட்டுத்தொகையைப் பல்லின் அளவைக் குறிக்கும் மாட்யூல் எண்ணால் பெருக்கி இரண்டால் வகுத்தால் இத்தொலைவு கிடைக்கும்.

எடுத்துக்காட்டாக, மாட்யூல் 2.5 மி.மீ. எனவும், பற்கள் 16, 32 எனவும் கொள்வோம். கூட்டுத்தொகை 48, மையத் தொலைவு 60 மி.மீ. இதே உறையில் 20, 28 பற்கள் கொண்ட இணையும் பொருந்தும். அதன் கூட்டுத்தொகையும் 48 ஆகும். ஆனால் 28 பல் சக்கரத்துக்குப் பதிலாக 30 பல் சக்கரத்தை மட்டும் மாற்றினால், தேவையான தொலைவு 62.5 மி.மீ. ஆகிவிடும். உறையிலுள்ள பேரிங் துளைகள் நகரா. எனவே பற்சக்கரங்களை இணை இணையாகவே மாற்ற வேண்டும்; ஒற்றைச் சக்கரத்தை மாற்றுதல் ஆகாது. சாய்பல் சக்கரங்களில் சாய்வுக் கோணமும் கணக்கில் சேரும். இணையும் இரு சக்கரங்களின் கோணங்கள் சமமாகவும் எதிர்ப்புறம் சாய்ந்தவையாகவும் இருக்க வேண்டும்.

நூற்பாலையின் ரிங் ஃபிரேமில் நூலின் முறுக்கைக் கூட்டவோ குறைக்கவோ ஒரு பற்சக்கரத்தைக் கழற்றி வேறு பல் எண்ணிக்கை கொண்ட சக்கரத்தை மாட்டுவது கோயம்புத்தூர், திருப்பூர் வட்டாரத்தில் பலரும் அறிந்த செயல். லேத்திலும் மரை வெட்ட இவ்வாறே செய்வர். அங்கு இடைச்சக்கரத்தை நகர்த்திப் பொருத்தக்கூடிய தாங்கி இருப்பதால் தொலைவு மாற்றம் ஈடுசெய்யப்படுகிறது. காரின் கியர்பெட்டியில் அத்தகைய தாங்கி இல்லை.

கியர் விகிதமும் வேகமும்

கார் அடையும் வேகம், எஞ்சின் சுழற்சியைக் கியர் விகிதத்தாலும் இறுதி விகிதத்தாலும் வகுத்துச் சக்கரத்தின் சுற்றளவால் பெருக்கக் கிடைக்கும். எஞ்சின் நிமிடத்துக்கு 5,000 சுற்று, கியர் விகிதம் 1, இறுதி விகிதம் 4, சுற்றளவு 1.8 மீட்டர் எனில் வேகம் மணிக்கு 135 கி.மீ. இறுதி விகிதத்தை 4.5 ஆக்கினால் வேகம் மணிக்கு 120 கி.மீ. ஆகக் குறையும்; அதற்கு ஈடாக இழுவை 12.5 விழுக்காடு கூடும்.

கியர்களுக்கு இடையிலுள்ள இடைவெளியும் முக்கியம். 5,000 சுற்றில் 2.0 விகிதத்திலிருந்து 1.4 விகிதத்துக்கு மாற்றினால் எஞ்சின் 3,500 சுற்றுக்கு இறங்கும். அடுத்த கியர் 1.0 விகிதமாக இருந்தால் 2,500 சுற்றுக்கு விழும். சிறிய எஞ்சின் அங்கு இழுக்கத் திணறும். இரு மூல வண்டிகளின் இணைகளைக் கலக்கும்போது இத்தகைய பள்ளங்கள் எளிதில் உருவாகின்றன.

பொருந்த வேண்டியவை

* கிளச்சுத் தட்டின் ஸ்ப்ளைன்: உள்தண்டின் ஸ்ப்ளைன் எண்ணிக்கையும் விட்டமும் கிளச்சுத் தட்டின் மையத்தோடு ஒத்திருக்க வேண்டும். எஞ்சினுக்குரிய விட்டமும் கியர்பெட்டிக்குரிய மையமும் கொண்ட தட்டைத் தேடிப் பெறுவதே வழக்கம்.
* தண்டின் நீளமும் பைலட் பேரிங்கும்: பைலட் பேரிங் உள்ள அமைப்புகளில் உள்தண்டின் முனை அதில் போதிய அளவு அமர வேண்டும், கிராங்க் தண்டை இடிக்கக்கூடாது.
* நேர்கோட்டமைவு: பெல் ஹவுசிங்கின் துளை கிராங்க் தண்டின் மையத்தோடு ஒரே கோட்டில் அமைய வேண்டும். டயல் கேஜால் அளக்கும்போது முழுச்சுற்றில் காட்டும் வேறுபாடு பொதுவாக 0.13 மி.மீ.க்குள் இருக்க வேண்டும் என்பர். மீறினால் உள்தண்டின் பேரிங் விரைவில் தேயும். கிளச்சு முழுமையாக விடுபடாது.
* கிரவுனும் பினியனும்: இவை இணையாக உராய்த்துப் பொருத்தப்பட்டவை. ஒன்றை ஒரு பெட்டியிலிருந்தும் மற்றொன்றை வேறு பெட்டியிலிருந்தும் எடுக்கக்கூடாது.
* பூட்டு அமைப்பு: ஒரு கியர் விழுந்திருக்கும்போது மற்றொன்று விழாதபடி தெரிவுத் தண்டுகளுக்கு இடையே குண்டுகளோ முளைகளோ உள்ளன. தெரிவுத் தண்டுகளையும் கவைகளையும் வெவ்வேறு பெட்டிகளிலிருந்து எடுத்தால் இப்பூட்டு செயலற்றுப் போகக்கூடும். இரு கியர்கள் ஒருசேர விழுந்தால் கியர்பெட்டி இறுகி, இயக்கச் சக்கரங்கள் அந்நொடியே நின்றுவிடும்.
* எண்ணெய்: ஹைபாய்டு வகைக் கிரவுன்-பினியனுக்கு ஜிஎல்-5 தர எண்ணெய் தேவை. அவ்வெண்ணெயில் சேர்க்கப்படும் கந்தக, பாசுபரச் சேர்மங்கள் சில சின்க்ரோ பெட்டிகளின் பித்தளை வளையங்களைத் தாக்கக்கூடும். இவ்விரண்டும் ஒரே உறையில் அமையும்போது இரண்டுக்கும் ஏற்ற எண்ணெயைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பெட்டியைத் தலைகீழாகப் பொருத்தினால் எண்ணெய் மட்டமும் காற்றுத் துளையின் இடமும் மாறும்.

வீட்டில் செய்யக்கூடியவையும் கூடாதவையும்

இடைத்தகடு, இடைவளையம், கியர் மாற்றும் கம்பி இணைப்பு ஆகியவற்றைச் சாதாரண லேத்தும் துளையிடும் எந்திரமும் கொண்டு செய்யலாம். பற்சக்கரங்கள் மேற்பரப்பு மட்டும் கடினமாக்கப்பட்ட எஃகால் ஆனவை. அக்கடினப் படலம் பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டர் அளவே இருக்கும். அதைக் கடைந்தால் படலம் போய்விடும். அருகில் வெல்டிங் செய்தால் வெப்பத்தால் மென்மையாகிவிடும். ஆகவே பல் வெட்டுதல், கடினமாக்குதல், சாணை பிடித்தல் ஆகியவற்றை அதற்குரிய பட்டறைகளுக்கே அனுப்புவர். நூற்பு எந்திர உதிரிகளுக்காகவும் பம்புசெட்டுகளுக்காகவும் வளர்ந்த வார்ப்பாலைகளும் கடைசல் பட்டறைகளும் மிகுந்திருப்பதால், கோயம்புத்தூர் வட்டாரத்தில் இவ்வேலைகளுக்கு வசதி உண்டு.

ஒன்றுசேர்க்கும் வரிசை

1. இரு மூலப் பெட்டிகளையும் முழுமையாகப் பிரித்து, ஒவ்வொரு தண்டு, பேரிங், துளை ஆகியவற்றின் அளவையும் எழுதிக்கொள்ளல்.
2. பற்களின் எண்ணிக்கையைக் கொண்டு விகிதங்களையும் மையத் தொலைவையும் கணக்கிடல்.
3. எண்ணெய் முத்திரைகள் இன்றி வறட்டு நிலையில் ஒருமுறை கூட்டிப் பார்த்தல்.
4. ஷிம்கள் கொண்டு தண்டுகளின் நீள்வாட்டு ஆட்டத்தைச் சரிசெய்தல்.
5. கிரவுன்-பினியன் இடைவெளியை அளத்தல். இது பெரும்பாலும் 0.1 முதல் 0.2 மி.மீ. வரை இருக்கும், பினியனை அளித்த பெட்டியின் கையேட்டு அளவே இறுதியானது.
6. உள்தண்டைக் கையால் சுழற்றி, ஒவ்வொரு கியரிலும் வெளித்தண்டின் சுற்றுகளை எண்ணி விகிதத்தையும் திசையையும் உறுதிசெய்தல்.
7. ஒரு கியர் விழுந்த நிலையில் மற்றொரு கியரைப் போட முயன்று, பூட்டு தடுக்கிறதா எனப் பார்த்தல்.
8. எண்ணெய் நிரப்பி, வண்டியை உறுதியான தாங்கிகளின்மேல் நிறுத்தி, சக்கரங்கள் தரையில் படாத நிலையில் மெதுவாக ஓட்டிப் பார்த்தல்.

ஆறாம், ஏழாம் படிகளுக்குச் சில நிமிடங்களே ஆகும். திசைத் தவறும் பூட்டுத் தவறும் வண்டியில் ஏற்றுமுன் வெளிப்படுவது இவ்விரண்டில்தான்.

சட்ட நிலை

மோட்டார் வாகனச் சட்டம், 1988 இன் 52 ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழிலுள்ள விவரங்கள் உற்பத்தியாளர் குறிப்பிட்டவற்றிலிருந்து வேறுபடும் வகையில் வாகனத்தை மாற்றுவதைத் தடை செய்கிறது. 2019 சனவரியில் உச்ச நீதிமன்றம் இத்தடையை உறுதிசெய்தது. அதே ஆண்டின் சட்டத்திருத்தத்தின்படி, சட்டத்துக்குப் புறம்பான ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். எஞ்சின் எண் பதிவில் இடம்பெறுவதால், கியர்பெட்டியோடு எஞ்சினையும் மாற்றுவோர் பதிவு அலுவலகத்தின் ஒப்புதலைப் பெற வேண்டும். ஜுகாட் போன்ற வண்டிகளும் மோட்டார் வாகனங்களே என 2013 இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பந்தயத்தடத்தில் மட்டும் ஓடும் வண்டிகள் அந்தந்தப் போட்டியின் தொழில்நுட்ப விதிகளின்படி ஆய்வுசெய்யப்படுகின்றன.

இவற்றையும் பார்க்க

* பற்சக்கரம்
* கிளச்சு
* டிஃபரன்ஷியல்
* எஸ். கரிவரதன்
* கரி மோட்டார் ஸ்பீட்வே