மிளகாய்ப்பொடியும் சாராய ஏலமும்

எங்கள் வீட்டுக்குச் சமையலுக்கு வருகிற அக்காவுக்கு நெல்லூர் பக்கம் ஊர். கல்யாணமாகி ஹைதராபாத் வந்தவர். ஒருநாள் மிளகாய்ப்பொடி டப்பாவைத் திறந்துகொண்டே, "எங்கம்மா இதைக் கையில எடுத்துக்கிட்டுத்தான் சாராயக்கடைக்குப் போனா" என்றார், ஏதோ போன வாரம் நடந்த மாதிரி. அப்போது அவருக்குப் பத்து வயதாம். என் அரைகுறைத் தெலுங்கில் அவரிடம் கேட்டதும், அதற்கப்புறம் தேடிப் படித்ததும் சேர்ந்து இத்தனை நாளாக மண்டைக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது. எழுதிவிட்டால் தேவலை.

1990-களின் தொடக்கத்தில் ஆந்திராவில் நடந்த சாராய எதிர்ப்புப் போராட்டம்தான் விஷயம். பெண்கள் கடைகளை மூடினார்கள், அரசு பணிந்தது என்று இரண்டு வரியில் முடித்துவிடலாம். எனக்கு உறுத்திய கேள்வி வேறு. ஏன் அப்போது? சாராயம் புதிதில்லை. குடித்துவிட்டு வந்து அடிப்பதும் புதிதில்லை. கூலிக்காசு கடையில் போய் விழுவது எத்தனையோ தலைமுறைக் கதை. அதுவரை எழாத கோபம் திடீரென்று எங்கிருந்து வந்தது?

கஷ்டம் கூடிப்போனது ஒரு காரணம். 1980-களில் சாராயத்தைப் பாக்கெட்டில் அடைத்து அரசே விநியோகித்தது. ஆள் கடைக்குப் போன காலம் போய், வயல் வரப்புக்கே சாராயம் வந்தது. 1970-71-ல் 39 கோடி ரூபாயாக இருந்த கலால் வருமானம் 1991-92-ல் 800 கோடியைத் தாண்டிவிட்டது. ஆனால் இந்தக் கஷ்டம் ஆந்திராவின் எல்லா மாவட்டத்திலும் இருந்ததே. நெல்லூரில் ஏன் பற்றிக்கொண்டது?

விடை ஒரு இரவுப் பள்ளிக்கூடத்தில் இருக்கிறது.

1988-ல் மத்திய அரசு தேசிய எழுத்தறிவு இயக்கத்தைத் தொடங்கியது. 1990-ல் எர்ணாகுளம் முழு எழுத்தறிவு பெற்ற மாவட்டமானது. அடுத்து பல மாவட்டங்கள் இறங்கின. நம்மூரில் அது அறிவொளி இயக்கம். புதுக்கோட்டையில் எழுத்துப் படிக்க வந்த பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டது பலருக்கு நினைவிருக்கும். அதே திட்டம்தான் 1991 வாக்கில் நெல்லூருக்கும் போனது. அங்கே சைக்கிளுக்குப் பதில் துடைப்பம்!

சாயங்காலம் வேலை முடித்து, அடுப்பை அணைத்துவிட்டுப் பெண்கள் வகுப்புக்கு வந்தார்கள். பெரும்பாலும் தலித், பிற்படுத்தப்பட்ட சாதிகளைச் சேர்ந்த விவசாயக் கூலிகள். நடவுக்கும் களையெடுக்கவும் ஒன்றாகப் போகிறவர்கள்தான். ஆனால் உட்கார்ந்து பேச ஓர் இடமும், 'எங்கே போறே?' என்று கேட்டால் சொல்ல ஒரு மரியாதையான பதிலும் முதல்முறையாகக் கிடைத்தது. எழுத்து கற்றது எவ்வளவோ தெரியாது, அவரவர் வீட்டு ரகசியம் பொது விஷயமானது அங்கேதான். என் புருஷன் என் தலைவிதி என்று நினைத்திருந்தவள், பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற பத்துப் பேருக்கும் அதே கதைதான் என்று கண்டுகொண்டாள்.

பாடப்புத்தகமும் கை கொடுத்தது. சீதம்மா என்ற கிராமத்துப் பெண்ணையும் சாராயத்தையும் பற்றிய கதை அதில் ஒரு பாடம். அதைப் படித்தவர்களில் தூபகுண்டா என்ற ஊர்க்காரர்களும் உண்டு. ரோசம்மா போன்றவர்கள் முன்னால் நிற்க, ஊர்ப் பெண்கள் சேர்ந்து கடையை மூடவைத்தார்கள்.

இங்கே இலக்கு எவ்வளவு பக்கத்தில் இருந்தது பாருங்கள். ஆணாதிக்கத்தை ஒழிப்போம் என்று கிளம்பியிருந்தால் யார் வீட்டுக் கதவைத் தட்டுவது? கடை தெருக்கோடியில் இருக்கிறது. நடந்து போகலாம், நாலு பேர் சேர்ந்தால் மூடலாம், மூடியது மறுநாள் காலையில் கண்ணுக்குத் தெரியும். தன் புருஷனைத் தனியாகத் திட்டினால் அடி விழும், கடைக்காரனைக் கூட்டமாகத் திட்டினால் விழாது. கையில் துடைப்பமும் மிளகாய்ப்பொடியும்.

அப்புறம் அது பரவிய விதம். தூபகுண்டா சம்பவமே அடுத்த கட்டப் புத்தகத்தில் 'பெண்கள் ஒன்றுபட்டால்' என்று பொருள்படும் தலைப்பில் பாடமாக வந்தது. சீதம்மா கதையில் வந்தவள். தூபகுண்டாவோ பஸ் போகிற நிஜமான ஊர். "அவங்களால முடிஞ்சா நம்மால முடியாதா?" என்ற பேச்சு வரத்தானே செய்யும். ஈநாடு நாளிதழ் 1989-லேயே மாவட்டத்துக்கென்று தனிப் பக்கங்கள் போட ஆரம்பித்திருந்தது. எந்த ஊரில் எந்தக் கடை மூடியது என்பது தினமும் செய்தி. (ஈநாடு என்.டி.ஆருக்கு வேண்டிய பத்திரிகை, அப்போது ஆட்சியில் இருந்தது காங்கிரஸ். அதையும் சொல்லிவிட வேண்டும்.) சுமார் 5000 கிராமங்களில் பெண்கள் கூடித் தீர்மானம் போட்டு கலெக்டருக்கு அனுப்பியதாகக் கணக்கு.

மன்சர் ஓல்சன் என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர் 1965-ல் எழுதிய புத்தகத்தில் ஒரு சங்கடமான விஷயத்தைச் சொல்லியிருக்கிறார். பலன் எல்லோருக்கும் பொது என்றால் உழைப்பை மட்டும் நான் ஏன் தரவேண்டும், மற்றவர்கள் பார்த்துக்கொள்ளட்டுமே என்று ஒவ்வொருவரும் ஒதுங்குவார்களாம். அபார்ட்மெண்ட் சங்கத்துக்கு யார் வருகிறார்கள் என்று பார்த்தால் மனிதர் சொன்னது சரிதான் :-) ஆனால் நெல்லூரில் ஒதுங்கினவள் மறுநாள் காலையில் அதே பெண்களோடுதான் களையெடுக்கப் போகவேண்டும். சின்னக் குழுவில் அப்படிச் சுலபமாக ஒதுங்கிவிட முடியாது, இதையும் ஓல்சனே ஒத்துக்கொள்கிறார். அக்காவிடம் "உங்கம்மா ஏன் போனாங்க?" என்று கேட்டேன். "எல்லாரும் போனாங்க, அவ மட்டும் எப்படி வீட்டுல உக்காருவா?" என்றார்.

கடையிலிருந்து கோபம் படிப்படியாக மேலே ஏறியது. கடையை மூடினால் காண்ட்ராக்டர் மறுபடி திறக்கிறான், காண்ட்ராக்டர் வருவது ஏலத்தில். அப்படியானால் ஏலத்தையே நிறுத்து! நெல்லூர் மாவட்டச் சாராய ஏலம் 17 முறை தள்ளிவைக்கப்பட்டது. வேடிக்கை என்னவென்றால் எழுத்தறிவு வகுப்பும் அரசு நிகழ்ச்சி, ஏலமும் அரசு நிகழ்ச்சி. இடதுசாரிக் கட்சிகளும் பெண்கள் அமைப்புகளும் வந்து சேர்ந்தது ஊர்கள் கிளம்பிய பிறகு. கடைசியில் 1993 அக்டோபர் 1 முதல் மாநிலம் முழுக்கச் சாராயத்துக்குத் தடை.

அதற்கப்புறம் கதை கிராமத்தை விட்டு ஹைதராபாத்துக்கு வந்துவிட்டது. 1994 டிசம்பரில் ஜெயித்த என்.டி.ஆர். முழு மதுவிலக்கு என்றார், 1995 ஜனவரியில் அமலுக்கு வந்தது. இத்தனைக்கும் பாக்கெட் சாராயம் கொடிகட்டிப் பறந்ததில் அவருடைய முந்தைய ஆட்சிக்கும் பங்கு உண்டு. கள்ளக்கடத்தல், கஜானா காலி என்று காரணம் சொல்லி 1997-ல் சந்திரபாபு நாயுடு அரசு மதுவிலக்கைத் தளர்த்தியது. சாராயத்தடை மட்டும் நின்றது, மற்ற மது திரும்பி வந்தது.

1992-ல் ஏலத்தை நிறுத்திய பெண்கள் 1997-ல் ஏன் அதே வேகத்தில் எழவில்லை? எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். சட்டம் வந்தவுடன் காவல் வேலை போலீஸிடம் போய்விட்டது. தெருக்கோடிக் கடையை மூடத் தெரிந்தவர்களுக்குத் தலைமைச் செயலகத்தின் கோப்பை எப்படி மூடுவது? எழுத்தறிவு வகுப்புகளும் அதற்குள் ஓய்ந்திருந்தன. கூடி உட்கார அந்த இடம் இல்லை.

முற்றிலும் இல்லை என்றும் சொல்லமுடியாது. அதே நெல்லூரில் அதே பெண்கள் சாராயத்தில் மிச்சமான காசு என்று தினம் ஒரு ரூபாய் சேர்க்க ஆரம்பித்தார்கள். 'பொதுப்பு லட்சுமி' என்று பெயர், பொதுப்பு என்றால் சேமிப்பு. ஆந்திரா முழுக்கப் பின்னால் பரவிய சுய உதவிக்குழுக்களுக்கு அது ஒரு முன்னோடி. அப்புறம் அந்தக் குழுக்களைத் தேடிக்கொண்டு நுண்கடன் கம்பெனிகள் வந்ததும், வசூல் கெடுபிடி தாங்காமல் 2010-ல் அரசு அவசரச் சட்டம் போட்டதும் தனிக் கதை.

அக்காவின் அம்மா அந்தச் சீட்டுக்காசில் ஒரு எருமை வாங்கினாராம். அதைச் சொல்லும்போது முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு. "இங்க உங்க தெருவுல கடை இருக்கா?" என்று கேட்டேன். இரண்டு இருக்கிறதாம், ஒன்று ஏ.சி. போட்டது. அவர் வீட்டுக்காரர் ஏ.சி. இல்லாத கடைக்குத்தான் போவார். "அங்க யாரைத் தெரியும் எனக்கு, கூட வர?" என்று சொல்லிவிட்டுக் குழம்பைக் கிளறப் போய்விட்டார்.