மலையேறிய நெல்



பிலிப்பைன்ஸ் நாட்டிலே, லூசோன் தீவின் வடக்கே கார்டில்லேரா என்ற மலைத்தொடர் இருக்கிறது. அதிலுள்ள புலாக் சிகரம் 2,900 மீட்டருக்கும் மேல் உயரம். இந்த மலைத்தொடரின் சரிவுகளிலேதான் இஃபுகாவ் மக்கள் படிப்படியாகக் கரை கட்டி நெல் பயிரிடுகிறார்கள். சில வயல்கள் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கின்றன!

இவை 2,000 வருஷத்து வயல்கள் என்று வெகுநாளாகச் சொல்லி வந்தார்கள். பழைய கியாங்கன் ஊரில் மண்ணைத் தோண்டிப் பார்த்த ஆய்வாளர்கள் வேறு கணக்குச் சொல்கிறார்கள். முதலில் அங்கே விளைந்தது சேப்பங்கிழங்காம். ஸ்பானியர்கள் சமவெளியைப் பிடித்த பிறகு, 1600-களில்தான் நெல் அங்கே ஊன்றியதாம். அடிபணிய மனமில்லாத ஜனங்கள் மலையைக் கழனியாக்கினார்கள்.

தண்ணீருக்கு என்ன வழி? வயலுக்கு மேலே காடு. 'முயோங்' என்று பெயர். குடும்பம் குடும்பமாக அதைப் பராமரிக்கிறார்கள். காடுதான் அவர்களுக்கு ஏரி. மழைநீரைப் பிடித்து வைத்துக் கொஞ்சங் கொஞ்சமாக விடும். மேல்வயல் நிரம்பினால் கீழ்வயலுக்கு இறங்கும். மேலே ஒருத்தர் கரையைக் கவனிக்காமல் விட்டால், கீழே உள்ளவர் வயலும் போச்சு!

1995-ல் யுனெஸ்கோ இவ்வயல்களை உலகப் பாரம்பரியச் சொத்தாக அறிவித்தது. ஆனால், இளைஞர்கள் பட்டணம் போகப் போக, பல வயல்கள் கவனிப்பாரற்றுக் கரை சரிந்தன. 2001-ல் ஆபத்துப் பட்டியலில் சேர்த்தார்கள். சீர்திருத்த வேலைகள் நடந்த பிறகு, 2012-ல்தான் அதிலிருந்து எடுத்தார்கள்.

யோசித்துப் பாருங்கள். பட்டயம் கொடுத்தால் மட்டும் கரை நிற்காது. வருஷா வருஷம் மண்ணெடுத்துப் போடுகிற கை வேண்டும்.