காற்றா, இளங்காற்றா?

தமிழர் காற்றுக்குத் திசையால் பெயரிட்டனர்: தெற்கிலிருந்து வருவது தென்றல், வடக்கிலிருந்து வருவது வாடை. சூரியனிலிருந்து வீசும் காற்றுக்கோ அதன் வேகத்தை ஒட்டியே பெயர்வழக்கு எழுந்தது.

1958இல் சிக்காகோ பல்கலைக்கழக இயற்பியலாளர் யூஜின் பார்க்கர், சூரியனின் வெப்பமிகு புறவளிமண்டலம் நொடிக்குச் சில நூறு கிலோமீட்டர் வேகத்தில் ஓயாது வெளியே பாய்கிறது எனக் கணித்து, அதனைச் 'சூரியக் காற்று' என்றார். மதிப்பீட்டாளர் இருவர் அக்கட்டுரையை ஏற்கவில்லை. இதழாசிரியர் சுப்பிரமணியன் சந்திரசேகருக்கும் அம்முடிவில் உடன்பாடில்லை. எனினும், கணிதத்தில் பிழை காணாமையால் அதனை வெளியிட்டார். பின்னர் ஜோசப் சேம்பர்லைன், பூமிக்கருகே அவ்வேகம் நொடிக்கு ஏறத்தாழ 20 கிலோமீட்டரே எனக் கணித்து, 'சூரிய இளங்காற்று' என வேறு பெயரிட்டார்.

சூரியனிலிருந்து பொருள் வெளியேறுகிறது என்பதில் இரு மாதிரிகளும் ஒன்றுபட்டன, வேகத்தில் வேறுபட்டன. ஆகவே வேகமே உரைகல்லாயிற்று. 1962இல் வெள்ளிக்கோளை நோக்கிச் சென்ற மரினர் 2 விண்கலம், சில நூறு கிலோமீட்டர் வேகத்தில் காற்று இடையறாது வீசுவதை அளந்து காட்டியது. 'காற்று' நிலைத்தது, 'இளங்காற்று' வழக்கொழிந்தது.

மாதிரியின் துல்லியத்தை மறுப்போரின் எண்ணிக்கை தீர்மானிப்பதில்லை, அளவீடே தீர்மானிக்கிறது. சோதிக்கத்தக்க எண்ணைச் சொன்ன துணிவு பார்க்கருடையது; தமக்கு உடன்பாடில்லாத கருத்தும் சோதனைக்களத்தை அடைய வழிவிட்ட நேர்மை சந்திரசேகருடையது.