சோதனைச் சாவடியிலிருந்து இரத்தத் துளிக்கு: ஓசூர் எல்லையில் பிளேக் கண்காணிப்பு

1898 ஆகஸ்டில் பெங்களூரில் பிளேக் தலைகாட்டியபோது, ஏறக்குறைய 40 கிலோமீட்டர் தள்ளியிருந்த ஓசூர் சேலம் மாவட்டத்து வட்டம். சென்னை மாகாணத்தின் ஓரம். எல்லைக்கு அப்பால் மைசூர் சமஸ்தானம். 1897-ஆம் ஆண்டின் கொள்ளைநோய்ச் சட்டம் அதிகாரிகளுக்குத் தந்த கருவிகள் பெரும்பாலும் மனிதரை நோக்கியவை: பயணிகளைச் சோதிப்பது, பிரித்து வைப்பது, 'பிளேக் பாஸ்போர்ட்' கொடுத்து நாள்தோறும் ஆஜராகச் சொல்வது. அதே 1898-இல் கராச்சியில் பிரெஞ்சு மருத்துவர் பால்-லூயி சிமோன், எலியிலிருந்து எலிக்கு நோயைக் கடத்துவது தெள்ளுப்பூச்சி என்று காட்டினார். பலர் அதை நம்பவில்லை. 1905-இல் பணி தொடங்கிய பிளேக் ஆய்வுக் குழுவின் சோதனைகளுக்குப் பிறகே அது நிலைபெற்றது. அதுவரை காவல் நின்றது ஆட்களுக்கு. எலியோ தானிய மூட்டையோடு வண்டியேறிப் போய்க்கொண்டிருந்தது.

நோய் பிறக்கும் விதத்தைப் பார்த்தால் அந்தக் காவலின் குறை விளங்கும். செத்த எலியின் உடல் குளிர்ந்ததும் தெள்ளு வேறு உடல் தேடுகிறது. கிருமிகள் பெருகி அதன் இரைப்பை வழியை அடைத்திருப்பதால், பசி தீராமல் திரும்பத் திரும்பக் கடித்துக் கிருமியைக் காயத்தில் கக்குகிறது. உடலின் விழுங்கணுக்கள் உடனே வந்து கிருமியை விழுங்கவும் செய்கின்றன. ஆனால் சில அணுக்களுக்குள் அது சாவதில்லை. தெள்ளின் குளிர்ந்த உடலில் இல்லாத ஓர் உறையை, மனித உடலின் 37 டிகிரி வெப்பத்தில் போர்த்துக்கொண்டு வெளியே வருகிறது. அதன்பின் வெள்ளணுக்களால் அதை எளிதில் விழுங்க முடியாது. நிணநீர்க் கணு வீங்கி, அக்குளிலோ தொடையிடுக்கிலோ நெறி கட்டுகிறது.

அந்த உறையே கிருமியைக் காட்டியும் கொடுக்கிறது. பிழைத்த உடல் அதற்கெதிராக எதிர்ப்பொருள் உண்டாக்குகிறது; எதிர்ப்பொருள் ஒட்டிய கிருமியை வெள்ளணுக்கள் மறுபடி விழுங்க முடிகிறது. நுண்ணுயிரியலாளர் ஹாஃப்கின் 1897 ஜனவரியில் பம்பாயில் முதலில் தம் உடலிலேயே செலுத்திக்கொண்ட தடுப்பூசி, வெப்பத்தால் கொன்ற கிருமிகளைக் கொண்டு உடலை இப்படி முன்கூட்டியே தயார்செய்யும் முயற்சிதான்.

ஓசூர் இன்று அடங்கியுள்ள கிருஷ்ணகிரிக்கு அண்டை மாவட்டமான கோலாரின் முளபாகலில் 1966-இல் மனிதரிடம் பிளேக் உறுதியானது. பிறகு 1994 வரை நாட்டில் உறுதியான நோயாளி இல்லை. கிருமி ஒழிந்துவிடவில்லை, வயல்வெளி வெள்ளெலிகளிடையே அது தங்க வல்லது. தமிழ்நாடு, கர்நாடகம், ஆந்திரம் மூன்றும் கூடும் இவ்வட்டாரம் அதனால்தான் கண்காணிப்பில் வைக்கப்பட்டது. பூச்சிகளும் விலங்குகளும் பரப்பும் நோய்களுக்கான தமிழகப் பொதுச் சுகாதாரத் துறையின் நிறுவனம் ஓசூரில் இருப்பதும் பொருத்தமே. இன்றைய பிளேக் கண்காணிப்பு மனிதரிடம் தொடங்குவதில்லை. எலிகளைப் பொறிவைத்துப் பிடித்து, தெள்ளுகளை எண்ணி, எலி, நாய் ஆகியவற்றின் இரத்தத்தில் அந்த உறைக்கெதிரான எதிர்ப்பொருள் உண்டா என்று பார்க்கிறார்கள். நோயுற்ற எலியைத் தின்ற நாய் பெரும்பாலும் படுப்பதில்லை. ஆனால் அதன் இரத்தம் சாட்சி சொல்லும்.

சாவடியே வீண் என்பதல்ல என் வாதம். 2020 மே 1-இல் தமிழகத்தின் ஒரே பச்சை மண்டலமாக இருந்த கிருஷ்ணகிரி மாவட்டத்தில் அம்மாதத்திலேயே கொரோனா நுழைந்தது. ஆளிலிருந்து ஆளுக்குத் தாவும் நோய்க்குச் சாவடி கொஞ்சம் அவகாசமாவது தரும். பிளேக்குக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. சிப்காட் தொழிற்பேட்டையைச் சுற்றிக் கிடங்குகளும் நெருக்கமான வாடகைக் குடியிருப்புகளும் பெருகிவிட்ட ஓசூரில், நோயாளியே இல்லாத ஆண்டுகளைக் காரணம் காட்டி எலி பிடிக்கும் ஊழியரையும் ஆய்வகத்தையும் குறைப்பது தவறான சிக்கனம்.