இடைகழியில் ஒரு பிடில்

திருக்கோவிலூர் இடைகழியில் மழைக்கு ஒதுங்கிய மூன்று ஆழ்வார்களை நாலாவதாக ஒருவர் வந்து நெருக்கிய கதை தெரிந்ததுதானே? பிடிலும் நம் சங்கீதத்துக்குள் அப்படித்தான் நுழைந்தது. பாலுசுவாமி தீக்ஷிதர் ஒரு வெள்ளைக்காரரிடம் கற்றார். வடிவேலுவுக்குச் சுவாதித் திருநாள் மகாராஜா 1834-இல் தந்தப் பிடிலே பரிசளித்தார். பிறகு அது இல்லாமல் கச்சேரியே இல்லை என்றாயிற்று. ஆனாலும் இடம் என்னவோ பாடகருக்குப் பக்கத்தில்தான்.

சபைக்காரர்களைக் குறை சொல்வானேன்? லாபத்துக்காக நடத்துகிறவர்கள் அல்லர். ஆனால் கொட்டகை வாடகையைச் சந்தாவும் டிக்கட்டும்தானே கொடுக்க வேண்டும்! கூட்டமோ வாய்ப்பாட்டுக்குத்தான் வரும். அப்படியிருந்தும் 1938-இல் வேலூரில் துவாரம் வேங்கடசாமி நாயுடு பிடிலைத் தனிக் கச்சேரியாகவே வாசித்தார். “பாட்டு எப்போது?” என்று எத்தனை பேர் கேட்டார்களோ! மூன்று வருஷங் கழித்து, 1941-இல், சென்னை மியூசிக் அகாடமி மாநாட்டுக்கே அவரைத் தலைவராக உட்கார வைத்தார்கள்.