ஹால்கி இறையியல் கல்லூரியும் படைப்பைக் காக்கும் பணியும்

ஹால்கி இறையியல் கல்லூரி, துருக்கியின் இஸ்தான்புல் நகரை ஒட்டி மர்மரா கடலில் உள்ள ஹெய்பெலியாடா தீவில் அமைந்த ஆர்த்தடாக்ஸ் குருமடம். கான்ஸ்டான்டினோபிள் முதுபெரும் தந்தையின் ஆளுகைக்கு உட்பட்டது. 1844இல் தொடங்கப்பட்டது, 1971இல் இறையியல் வகுப்புகள் நின்றுபோயின. ஆயினும் 1990களிலிருந்து கிறிஸ்தவச் சூழலியல் சிந்தனையின் முக்கிய மையங்களுள் ஒன்றாக இது விளங்குகிறது. மண்ணையும் நீரையும் பேணும் கடமை வழிபாட்டிலும் நோன்பிலும் பாவமன்னிப்பிலும் ஏற்கெனவே அடங்கியிருக்கிறது என்பதே இங்கிருந்து பரவிய போதனையின் சாரம்.

அமைவிடமும் வரலாறும்

இளவரசர் தீவுகளில் ஹெய்பெலியாடா இரண்டாவது பெரியது. கிரேக்கர்கள் அதை ஹால்கி என்பர். பைன் மரங்கள் அடர்ந்த தீவு. தனியார் மோட்டார் வாகனங்களுக்கு அங்கே அனுமதி இல்லை. படகுத்துறையிலிருந்து மேலேறினால் நம்பிக்கைக் குன்று எனப்படும் மேட்டின் உச்சியில் மூவொரு கடவுளின் பெயரிலான மடாலயத்தைக் காணலாம். 9ஆம் நூற்றாண்டில் முதுபெரும் தந்தை ஃபோட்டியஸ் அதை நிறுவினார் என்பது மரபு. அங்கேதான் முதுபெரும் தந்தை நான்காம் ஜெர்மானோஸ் 1844இல் கல்லூரியைத் தொடங்கினார். 1894ஆம் ஆண்டு நிலநடுக்கத்தில் கட்டடம் இடிந்தது. இன்றுள்ள கட்டடம் 1896இல் எழுந்தது. தனியார் உயர்கல்வி நிறுவனங்களை அரசின் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்த சட்டநிலையால் 1971இல் குருத்துவப் பயிற்சி நின்றது. கட்டடமும் நூலகமும் கோயிலும் தொடர்ந்து பராமரிக்கப்பட்டு வருகின்றன.

இக்கல்லூரியின் மாணவர்களுள் ஒருவர் முதலாம் பர்த்தலமேயு. 1940இல் இம்புரோஸ் தீவில் பிறந்த இவர் 1961இல் இங்கே படிப்பை முடித்தார். 1991இல் முதுபெரும் தந்தையாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். இயற்கைக்காக ஓயாமல் குரல் கொடுத்ததால் ‘பசுமை முதுபெரும் தந்தை’ என்று உலகம் இவரை அழைக்கிறது.

சூழல் பணியின் தொடக்கம்

இந்தச் சூழல் பணிக்கு வித்திட்டவர் பர்த்தலமேயுவுக்கு முன்னிருந்த முதுபெரும் தந்தை டிமிட்ரியோஸ். ஆர்த்தடாக்ஸ் திருவழிபாட்டு ஆண்டு செப்டம்பர் 1 அன்று பிறக்கிறது. அந்த நாளைப் படைப்புக்காக மன்றாடும் நாளாக அவர் 1989இல் சுற்றுமடல் வழியாக அறிவித்தார். அன்று பாடுவதற்கென்று தனி மன்றாட்டு வழிபாடு ஒன்றை அதோஸ் மலைத் துறவியும் பாடலாசிரியருமான ஜெராசிமோஸ் இயற்றினார். அறிக்கையாக மட்டும் வந்திருந்தால் கோப்பில் உறங்கியிருக்கும்; வழிபாடாக வந்ததால் ஆண்டுதோறும் மக்களின் வாயில் ஒலிக்கிறது.

1992இல் பிரிட்டன் இளவரசர் ஃபிலிப் பங்கேற்ற சூழலியல் கூட்டம் ஹால்கியில் நடைபெற்றது. தொடர்ந்து 1994 முதல் 1998 வரை கோடைதோறும் கருத்தரங்குகள் நடந்தன. முதலாண்டின் பொருள் சமயக் கல்வி. அடுத்தடுத்த ஆண்டுகளில் சூழலோடு சேர்த்து அறநெறி, தகவல் தொடர்பு, நீதி, வறுமை ஆகியவை எடுத்துக்கொள்ளப்பட்டன. சமயக் கல்வியில் தொடங்கிய பேச்சு ஐந்தே ஆண்டுகளில் ஏழையின் வாழ்வாதாரத்தை வந்தடைந்தது குறிப்பிடத்தக்கது. காடு அழிந்தால் முதலில் அடுப்பு அணைவது ஏழை வீட்டில்தான் என்பதை இந்த வரிசை தெளிவாக உணர்த்துகிறது. 1999இல் கருங்கடல் நாடுகளின் குருக்களையும் ஆசிரியர்களையும் பத்திரிகையாளர்களையும் ஒன்றுகூட்டி, ஹால்கி சூழலியல் பயிலகம் என்ற பயிற்சியும் நடத்தப்பட்டது.

இறையியல் அடிப்படை

தொடக்கநூலின் இரண்டாம் அதிகாரத்தில் கடவுள் மனிதனை ஏதேன் தோட்டத்தில் வைத்ததன் நோக்கம், அதைப் பண்படுத்துவதும் காப்பதும். இதைக் கொண்டு, பூமி என்னும் வீட்டுக்கு மனிதன் உக்கிராணக்காரன் என்று விளக்குவது பல சபைகளில் வழக்கம். சாவி கையில் இருந்தாலும் சொத்து அவனுடையதல்ல. உரியவரிடம் கணக்குக் கொடுத்தாக வேண்டும்.

ஹால்கி மரபு இதற்கும் ஒரு படி மேலே செல்கிறது. பெர்கமோன் மறைமாநிலத் தலைவரும் இறையியலாளருமான ஜான் சிசியூலாஸ் (1931–2023), மனிதனைப் படைப்பின் குரு என்றார். நற்கருணையில் மனிதன் கோதுமையையும் திராட்சையையும் அப்படியே படைப்பதில்லை. உழுது, அறுத்து, அரைத்து, பிசைந்து அப்பமாக்கி, பிழிந்து இரசமாக்கி, பெற்றதைக் கொடுத்தவரிடமே நன்றியோடு ஏந்துகிறான். அந்த அப்பத்தில் மண்ணும் மழையும் உழவனின் வியர்வையும் இருக்கின்றன. பீடத்தில் அவற்றைப் புனிதமாக ஏந்திய கை, வெளியே வந்து அதே மண்ணில் நஞ்சைக் கொட்டுவது வழிபாட்டையே பொய்யாக்கும்.

இதே வழியில் நம் அண்டை மாநிலமான கேரளத்திலும் ஒருவர் சிந்தித்தார். கோட்டயம் ஆர்த்தடாக்ஸ் குருமடத்தின் முதல்வராக இருந்த பவுலோஸ் மார் கிரிகோரியோஸ் (1922–1996), 1978இல் ஜெனீவாவில் வெளியான ‘தி ஹியூமன் பிரசன்ஸ்’ என்ற நூலில், ஆதிக்கம் என்ற இடத்தில் பொறுப்பாண்மையை வைத்துவிட்டால் மட்டும் போதாது என்று வாதிட்டார். அப்போதும் இயற்கை மனிதனுக்கு வெளியே கிடக்கும் பொருளாகவே பார்க்கப்படும் ஆபத்து உண்டு என்பது அவர் எச்சரிக்கை.

நடைமுறைகள்

இந்த இறையியல் மூன்று வழிகளில் அன்றாட வாழ்வுக்குள் வருகிறது. முதலாவது நோன்பு. ஆர்த்தடாக்ஸ் மரபில் புதன், வெள்ளிக் கிழமைகளிலும் தவக்காலம் முதலிய நோன்புக் காலங்களிலும் இறைச்சி, பால், முட்டை ஆகியவற்றைத் தவிர்க்கின்றனர். ஒழுங்காகக் கடைப்பிடிப்பவருக்கு ஆண்டில் ஏறத்தாழ பாதி நாள்கள் நோன்பு நாள்களே. வேண்டும் என்பதற்கும் தேவை என்பதற்கும் உள்ள தொலைவை உடலே கற்றுக்கொள்ளும் பயிற்சி இது. நுகர்வைக் குறைக்காமல் பூமியைக் காக்க முடியாது என்று பர்த்தலமேயு சொல்லும்போது, சபை பல நூற்றாண்டுகளாகச் செய்துவரும் ஒன்றைத்தான் நினைவூட்டுகிறார்.

இரண்டாவது நீரைப் புனிதப்படுத்தும் வழிபாடு. ஆண்டவரின் திருமுழுக்கு விழாவில் குருக்கள் ஆற்றங்கரைக்கோ கடற்கரைக்கோ சென்று நீரை ஆசீர்வதித்துச் சிலுவையை அதில் எறிவர். இளைஞர்கள் குளிர்ந்த நீரில் குதித்து அதை எடுத்துவருவர். ஆசீர்வதித்த நீரில் கழிவைக் கலப்பது என்னவாகும் என்ற கேள்வி அங்கேயே எழுந்துவிடுகிறது.

மூன்றாவது பாவமன்னிப்பு. 1997 நவம்பரில் அமெரிக்காவின் சாண்டா பார்பராவில் பேசிய பர்த்தலமேயு, உயிரினங்களை அழிப்பதும் காடுகளைச் சிதைப்பதும் நீர், நிலம், காற்று ஆகியவற்றைக் கெடுப்பதும் பாவம் என்றே அறிவித்தார். அதுவரை விதிமீறல் என்று பேசப்பட்டது மனச்சான்றின் முன் வந்து நின்றது. இதற்குக் கிரேக்கத்தின் பட்மோஸ் தீவில் ஒரு முன்னோடி உண்டு. அங்கு வாழ்ந்த துறவி அம்பிலோகியோஸ் (1889–1970), பாவ அறிக்கை செய்ய வரும் உழவர்களுக்கு மரம் நடுவதைப் பரிகாரமாக விதிப்பார். வறட்சியில் தாமே தீவைச் சுற்றிவந்து கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்றுவார். மரங்களை நேசிப்பதும் ஒரு கட்டளையே என்பது அவர் போதனை. 2018இல் அவர் புனிதராக அறிவிக்கப்பட்டார்.

மாநாடுகளும் தாக்கமும்

பர்த்தலமேயுவின் முயற்சியால் 1995இல் பட்மோஸை மையமாக வைத்து ஏஜியன் கடலில் தொடங்கிய அறிவியல்–சமயக் கருத்தரங்குகள், கருங்கடல், டான்யூப், ஏட்ரியாட்டிக், பால்டிக், அமேசான், ஆர்க்டிக், மிசிசிப்பி என நீர்வழிகளிலேயே பயணம் செய்தன. 2012இல் நடந்த முதல் ஹால்கி உச்சி மாநாட்டில் சிம்பன்சி ஆய்வாளர் ஜேன் குடால், சூழலியல் எழுத்தாளர் பில் மெக்கிபன் ஆகியோர் கலந்துகொண்டனர். 2015இல் இலக்கியமும் கலையும் பேசப்பட்டன. 2019இல் நடந்த மூன்றாம் மாநாட்டின் பொருள் இறையியல் பயிற்சியும் சூழல் விழிப்புணர்வும். நாளைய குருவுக்கு மறையுரை ஆற்றவும் திருப்பணி செய்யவும் கற்பிக்கும் பாடத்திட்டத்தில், அவர் பணிபுரியப்போகும் ஊரின் நீரும் நிலமும் இடம்பெற வேண்டும் என்பது அதன் அடிப்படை அக்கறை.

கத்தோலிக்கத் திருச்சபையிலும் இதன் தாக்கம் வெளிப்படை. 2002இல் பர்த்தலமேயுவும் திருத்தந்தை இரண்டாம் ஜான் பாலும் சூழல் குறித்துக் கூட்டறிக்கையில் கையெழுத்திட்டனர். திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் வெளியிட்ட ‘லவுதாத்தோ சி’ சுற்றுமடல் பர்த்தலமேயுவின் சிந்தனையைத் தொடக்கத்திலேயே எடுத்துரைக்கிறது. வத்திக்கானில் அதை அறிமுகப்படுத்திய குழுவில் சிசியூலாஸும் இருந்தார். அதே ஆண்டில் செப்டம்பர் 1, கத்தோலிக்கருக்கும் மன்றாட்டு நாளாயிற்று.

மதிப்பீடு

மாநாடுகளாலும் அறிக்கைகளாலும் ஒரு நதிகூடத் தூய்மையாகிவிடாது என்ற குறை சொல்லப்படுவதுண்டு. அது நியாயமான கேள்வி. ஆலையையும் சட்டத்தையும் அரசையும் நோக்கிச் செய்ய வேண்டிய வேலை தனியே இருக்கிறது. ஆனால் எதை வெட்கப்படத்தக்க செயலாகக் கருதுவது என்பதை மக்களுக்குக் கற்றுக்கொடுக்கும் இடங்களில் ஆலயமும் ஒன்று. அந்த ஆலயத்தில் நிற்கப்போகிறவரை உருவாக்குவது குருமடம். அரை நூற்றாண்டுக்கும் மேலாக குருத்துவப் பயிற்சியின்றி இருந்தும் ஹால்கி இத்தனை தூரம் பேசப்பட்டதற்குக் காரணம் இதுவே. அதை மீண்டும் திறக்க வேண்டும் என்ற கோரிக்கை சமய உரிமையைச் சார்ந்தது. அதோடு, பூமியைக் காப்பதைப் பாடத்திட்டத்தின் மையத்தில் வைக்கும் தகுதி இக்கல்லூரிக்கு உண்டு என்பதாலும் அக்கோரிக்கை வலுப்பெறுகிறது.