காவலர் மனநலத் துணை
உடன் பணியாற்றும் காவலரே இரகசியம் காத்துப் பிறிதொரு காவலரின் மனச்சுமைக்குச் செவிசாய்க்கும் ஆதரவு முறை. தமிழகத்தில் இதற்கு அணித்தான முயற்சி, பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவனத்தின் துணையோடு 2018-இல் தொடங்கிய காவலர் நிறைவாழ்வுப் பயிற்சியாகும். காவல்துறையினருள் சிலரே பயிற்றுநராகத் தேர்ச்சி பெற்று ஏனையோருக்குக் கற்பித்தனர். 2023 ஜூலை 7 அன்று கோவைச் சரகக் காவல்துறைத் துணைத்தலைவர் தம் முகாம் அலுவலகத்தில் உயிர்துறந்த துயரம், உயர்பதவியும் மனவேதனைக்கு அரணன்று என்பதைக் கொங்கு நாட்டுக்கு உணர்த்திற்று. இரவு ரோந்து முடிந்து, உறக்கமின்றியே காலையில் பந்தோபஸ்துக்கு நிற்கும் காவலர், மருத்துவரை நாடினால் துப்பாக்கியும் பதவி உயர்வும் கைநழுவுமோவென அஞ்சுவது இயல்பே. ஆதலின், சொன்னது பதிவேட்டிலோ மேலதிகாரியின் செவியிலோ ஏறாதென்ற உறுதியே இம்முறையின் ஜீவநாடி. பிராணாபத்து நேரும் தறுவாயில் மட்டுமே அவ்விரகசியம் தளரும். அப்பொழுது துணைநிற்பவர் தாமே வைத்தியம் பார்க்க முற்படாது, அக்காவலரை மனநல மருத்துவரிடமோ 104 உதவி எண்ணுடனோ தொடர்புபடுத்துவார்.